ஆறாம் வகுப்புக்குப் பள்ளி பார்க்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பேத்தி ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அது நல்ல பள்ளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

நடுநிலைப்பள்ளிக்கு ரிசல்ட் கிடையாது. முதலில் இதை மனதில் வைத்துக்கொள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. முதல் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பில்தான் வரும். அதை இந்தப் பிள்ளைகள் வேறொரு பள்ளியிலிருந்து எழுதுவார்கள். ஆகவே மூன்று வருடம் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்த பள்ளியும், மூன்று வருடம் உட்காரவைத்து அனுப்பிய பள்ளியும் காகிதத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் நூறு சதவீதத் தேர்ச்சி. பெற்றோர்களும் வேறு வழி தெரியாமல் புதுக் கட்டடம், ஸ்மார்ட் போர்டு, சுவர் ஓவியம் இவற்றைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறார்கள். இவையெல்லாம் நிதி வந்ததைக் காட்டும். பாடம் நடந்ததைக் காட்டாது.

நீ பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஐந்தாம் வகுப்புக்குள் விட்டுப்போனதை ஆறாம் வகுப்பில் பிடிக்கிறார்களா? எந்தப் பள்ளியிலும் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள்; வகுத்தல் வராது. புத்தகமோ பின்னம், விகிதம், முழுக்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்கிக் கைதூக்கிவிடும் பள்ளி நல்ல பள்ளி. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவைத்து நோட்டை நிரப்பி அனுப்பும் பள்ளி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நம் பிள்ளைதான் நன்றாக வாசிக்கிறாளே, அவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதே. தன் வகுப்பில் யாருக்கு வாசிக்க வரவில்லை என்று தெரியாத ஆசிரியருக்கு, உன் மகளுக்கு எது தெரியும் என்பதும் தெரியாது.

ஜூன் மாதம் போகாதே. அப்போது சேர்க்கை மும்முரம், புத்தகம் வழங்குவது, ஆசிரியர் மாறுதல் எல்லாம் சேர்ந்து பள்ளி தன் இயல்பில் இருக்காது. பிப்ரவரியில் போ. ஒரு வருடத்தின் நோட்டுப் புத்தகங்கள் அப்போது நிறைந்திருக்கும். அவற்றைவிட உண்மையான சாட்சி வேறில்லை.

தலைமை ஆசிரியரிடம் நயமாகக் கேட்டால் ஏழாம் வகுப்பு நோட்டு சிலவற்றைக் காட்டுவார். அவர் எடுத்துக்கொடுப்பது வகுப்பின் முதல் பிள்ளையுடையதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மேசையில் அடுக்கியிருக்கும் கட்டின் நடுவிலிருந்து இன்னும் இரண்டைக் கேள். கணக்கு நோட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தால் அது பலகையைப் பார்த்து எழுதியது. தானாகப் போட்ட நோட்டில் தப்பு இருக்கும், அடித்தல் இருக்கும், ஆசிரியர் எந்தப் படியில் தப்பு என்று வட்டமிட்டிருப்பார், கீழே அதே கணக்கை மறுபடி போட்டிருப்பார்கள். தமிழ்க் கட்டுரை நோட்டில் மூன்று பிள்ளைகளின் முதல் வரியை ஒப்பிட்டுப் பார். மூன்றும் ஒரே வரியாக இருந்தால் கைடிலிருந்து வந்தது என்று புரிந்துகொள். சொந்த வாக்கியம் எழுதத் தெரிந்த பிள்ளையின் நோட்டில் எழுத்துப்பிழையும் இருக்கும், வீட்டுப் பேச்சும் எட்டிப்பார்க்கும். தேதிகளையும் பார். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை ஒரு பாடத்தில் எதுவுமே எழுதப்படவில்லை என்றால் அந்தப் பாடத்துக்கு அப்போது ஆசிரியர் இருந்தாரா என்று விசாரி. சிவப்பு மையில் டிக் மட்டும் போட்டுக்கொண்டே போயிருந்தால், பார்வையிட வருகிறார்கள் என்று ஒரே நாளில் திருத்தியதாகவும் இருக்கலாம்.

அறிவியல் நோட்டில் படம் வரைந்து பாகம் குறிப்பது எல்லோரும் செய்வதுதான். செய்து பார்த்ததற்கான தடயம் இருக்கிறதா என்று தேடு. 6 முதல் 8 வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க 2022இல் வானவில் மன்றம் தொடங்கினார்கள். அதற்கான கருத்தாளர் வந்து போன நாள் தவிர மற்ற நாட்களில் சோதனைப் பொருட்கள் வெளியே வருகிறதா என்று பிள்ளைகளிடம் கேள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது ஆசிரியர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். கணிதம் அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப்பாடத்துக்கு ஒருவர் என்று குறைந்தது மூவர். 35 பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களும் வேண்டும். வருடத்துக்கு 220 வேலைநாள், 1000 மணி நேரப் பாடம். இது குறைந்தபட்சம். எத்தனை பட்டதாரி ஆசிரியர் பணியிடம், அதில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா என்று கேள். பணியிடப் பட்டியலில் இருக்கும் பெயர் வகுப்பில் இல்லாமல் இருப்பது சாதாரணம். கணக்கு ஆசிரியர் இடம் காலியாகி, சமூக அறிவியல் ஆசிரியர் கணக்கும் எடுப்பதுதான் நடுநிலைப்பள்ளிகளுக்கு வரும் பெரிய சேதம். ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தை ஒரு வருடம் அரைகுறையாகக் கடந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுவாள். காரணம் அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிள்ளைகள் குறைவு என்பதற்காக ஒரு பள்ளியை ஒதுக்காதே. ஆறும் ஏழும் சேர்த்து இருபது பேர்தான் என்றால், ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறார்களா, அப்போது ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் இன்னொரு வகுப்பு என்ன செய்கிறது என்பதை நின்று பார். ஆங்கில வழி இருக்கிறது என்று சொன்னாலும் இதையே பார். ஒரே ஆசிரியர், ஒரே அறை, இரண்டு வழிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தால் ஆங்கில வழி என்பது புத்தகத்தில் மட்டும்தான்.

வகுப்பில் இருபது நிமிடம் உட்கார அனுமதித்தால் விடாதே. "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் "புரிஞ்சுது சார்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது எதற்கும் அத்தாட்சி கிடையாது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் காத்திருக்கிறாரா, அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறாரா? கடைசி பெஞ்சுப் பிள்ளையை ஒருமுறையாவது எழுப்பினாரா? தப்பாகச் சொன்னவனை உட்காரச் சொன்னாரா, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாரா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே எனக்குப் போதும்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று நேராகவே கேள். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை விட்டுப்போனவர்களுக்காக 2025இல் திறன் திட்டம் வந்திருக்கிறது. "நடக்குதும்மா" என்று சொன்னால் போதாது. எந்தப் பாடவேளையில், யார் எடுக்கிறார், எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேர் தேறி வெளியே வந்தார்கள் என்று கேள். பெயர் பெயராகச் சொல்லும் தலைமை ஆசிரியர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நீயே சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று அறிய பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் அசர் ஆய்வில் அவர்களிடம் கேட்பது மிக எளிமையானது: இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதையை வாசிக்க வேண்டும், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் தெருவில் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். பரீட்சை மாதிரி வைக்காமல், விளையாட்டுப் பேச்சோடு ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல். 847ஐ 6ஆல் வகுக்கச் சொல். தடுமாறினால் பிள்ளையைக் குறை சொல்லிவிடாதே. அவர்கள் நமக்குப் பள்ளியைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வைப் பற்றியும் விசாரி. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆனால் பள்ளியை அளக்க உதவும். வாசலில் பேனர் வைத்து நான்கு பிள்ளைகளின் படம் போட்டிருப்பார்கள். எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதோடு எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் கேள். முப்பது பேரில் ஆறு பேரை மட்டும் பிரித்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களை மறந்த பள்ளிகள் உண்டு. வகுப்பு முழுவதையும் எழுதவைத்து இரண்டு பேர் தேறிய பள்ளியை நான் அதிகம் மதிப்பேன்.

இதையெல்லாம்விட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. யாரும் அங்கே போவதில்லை. அந்த நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு எந்த உயர்நிலைப்பள்ளிக்குப் போகிறார்களோ, அங்கே ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரைப் பார். எந்தப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் தயாராக வருகிறார்கள் என்று அவருக்கு விரல்நுனியில் இருக்கும். எட்டு முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதில் சேர்ந்தார்கள் என்றும் தெரிந்துகொள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். உயர்நிலைப்பள்ளி தூரமாக இருந்து பேருந்தும் சரியில்லை என்றால் அந்த இடத்தில்தான் படிப்பு நிற்கும்.

ஆறிலிருந்தே மேல்நிலைப்பள்ளியில் போட்டுவிடலாமே என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அதிலும் நியாயம் இருக்கிறது: ஆய்வகம், மைதானம், எட்டுக்குப் பிறகு அலைய வேண்டாம். ஆனால் அங்கே தலைமை ஆசிரியரின் மனம் முழுக்கப் பத்து, பன்னிரண்டு பொதுத்தேர்வில் இருக்கும். திறமையான பட்டதாரி ஆசிரியர்களைப் பத்தாம் வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் பாடவேளைகளில் ஆறாம் வகுப்பைப் பார்ப்பார்கள். ஜனவரிக்குப் பிறகு சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு என்று கீழ்வகுப்புகள் கவனிப்பாரில்லாமல் இருக்கும். கால அட்டவணையை வாங்கி ஆறாம் வகுப்பில் யார் எடுக்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் விருப்பம் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் நிலையாக இருக்கும் நடுநிலைப்பள்ளிதான்.

கழிப்பறையைக் காலையில் பார்க்காதே, மதியம் மூன்று மணிக்குப் பார். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா. அதைவிட, பெண் பிள்ளைகளிடம் பள்ளியில் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேள். வீட்டுக்கு வந்துதான் குடிப்போம் என்றால் கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு வயதில் இது படிப்பை நேரடியாகக் கெடுக்கும்.

கூடவே, யார் பெருக்குகிறார்கள், யார் கழிப்பறைக்குத் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று பார். எப்போதும் ஒரே சில பிள்ளைகள்தான் என்றால், அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று கேட்டாலே விஷயம் வெளிவரும். அப்படிப்பட்ட பள்ளியில் நம் பிள்ளைக்கு எவ்வளவு நன்றாகப் பாடம் நடந்தாலும் சேர்க்காதே. பிரம்பும் அப்படித்தான். அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. மேசைமேல் கம்பு இருந்தால் அது சும்மா இருக்காது.

புத்தக அலமாரியைத் திறக்கச் சொல். சாவியைத் தேடினால் விடை கிடைத்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசி மூன்று கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டை வாசித்தால் கட்டடம் தவிரப் படிப்பைப் பற்றி ஏதாவது பேசியிருக்கிறார்களா என்று தெரியும்.

இன்னொன்று, தரத்தோடு சம்பந்தமில்லாவிட்டாலும் முடிவைப் பாதிக்கும். 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி படிக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஆறாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படிக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் இவை கைவிட்டுப் போகும். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்த்த பிறகு ஆகஸ்ட் முடிவில் அவளுடைய கணக்கு நோட்டை எடுத்து, முன்பு சொன்னபடியே பார். குறை தெரிந்தால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமை ஆசிரியர், பிறகு மேலாண்மைக் குழு. அங்கும் நகராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடு. 14417 என்ற கல்வித்துறை உதவி எண்ணும் இருக்கிறது. ஆசிரியர் பணியிடம் காலி என்றால் மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பே மேலாண்மைக் குழுத் தீர்மானமாக அனுப்பச் சொல். தனி ஒருவரின் மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அன்புடன்,
அம்மா