வன்னியின் குருக்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவில் அன்புக்குரிய குருக்களே, போதகர்களே, உபதேசியார்களே,

தேர்தல் நெருங்கினால், இலங்கையின் வடக்கே இந்த வன்னியில், நம் ஆலயங்களில் ஒரே வகையான மறையுரையே கேட்கிறது. உலகம் கலங்கினாலும் நீங்கள் கலங்காதிருங்கள், அரசியலை உலகத்தாரிடம் விட்டுவிட்டு உள்ளத்தில் அமைதியைத் தேடுங்கள் என்கிறீர்கள். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. பீடத்தில் நின்று கட்சி பேசும் குருவைவிட வாய் திறவாதவர் மேல் என்று எண்ணுபவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் இந்த அறிவுரையால் எங்களுக்கு அமைதி வந்ததாகத் தெரியவில்லை. ஒருவரோடொருவர் பேசாதிருக்க மட்டும் நன்றாகப் பழகிவிட்டோம்.

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில், தமிழ்ப் பொது வேட்பாளருக்கா, தமிழரசுக் கட்சி கேட்டுக்கொண்டபடி சஜித் பிரேமதாசவுக்கா, மாற்றத்தை நம்பி அநுர குமார திசாநாயக்கவுக்கா வாக்கு என்று ஒரே வீட்டுக்குள்ளேயே பிரிந்து நின்றோம். அடுத்து நவம்பரில் வந்த நாடாளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களும் ஐந்து கட்சிகளுக்குப் பிரிந்து போயின. (கிளிநொச்சியில் வாழும் நாங்கள் வன்னியாராக இருந்தும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பது தனிக் கதை.) மக்கள் பலவாறு வாக்களிப்பதில் எந்தக் கேடும் இல்லை. துரோகி என்றும் விலைபோனவன் என்றும் அப்போது வாயில் வந்த சொற்கள், வாக்குப் பெட்டிகளோடு திரும்பிப் போகவில்லை என்பதே வருத்தம்.

எங்கள் பங்கில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. 2009 இன் தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் ஒரே பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்து, கிடைத்த அரிசியைச் சுண்டால் அளந்து பகிர்ந்து கஞ்சி குடித்தவர்கள். இன்று பூசையில் சமாதானத்தைப் பகிரும்படி குரு அழைக்கும்போது, ஒரு வீட்டம்மா முன்னும் பின்னும் திரும்பி எல்லோருக்கும் கைகூப்புகிறார். மற்ற வீட்டம்மா இருக்கும் பக்கம் முகம் வரும் வேளையில் குனிந்து பேரனின் செருப்பு வாரைச் சரிசெய்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வார் அவிழ்ந்துதான் இருக்கிறது. பிறகு இருவரும் வேறுவேறு வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறார்கள். பீடத்தில் நிற்பவருக்கு இது தெரியாமலிருக்க முடியாது.

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது என்ன? காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார். யார்மேல் மனத்தாங்கல் இருக்கிறதோ அவரே எழுந்து போக வேண்டும்; மற்றவர் வரட்டும் என்று காத்திருக்க அங்கே இடமில்லை. உள்ளத்தின் அமைதியை அடுத்தவர் வீட்டுப் படலையைத் திறக்காமலே அடைந்துவிடலாம் என்ற எண்ணத்தை நீங்கள் எந்த வசனத்திலிருந்து எடுத்தீர்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்குள் நம் சபைகளின் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் செபக் கூட்டத்துக்கு வந்தால், எல்லாவற்றையும் சிலுவையடியில் இறக்கிவிட்டு மறந்துவிடுங்கள், அப்போதுதான் சமாதானம் வரும் என்று சொல்லப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். இறக்கி வைப்பது சரி. மறக்கும்படி யார் சொன்னது? சமாதானமே இல்லாதபோது சமாதானம் என்று சொல்லி மக்களின் காயத்தை மேலோட்டமாக ஆற்றியவர்களை எரேமியா கண்டித்ததும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையை நினைத்துப் பாருங்கள். 2011 சனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் குரலை உயர்த்தவில்லை, எவரையும் வசைபாடவில்லை. கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கணக்கின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். செபத்தில் ஊறிய மனம் இல்லாதவரால் அந்தக் கேள்வியை அவ்வளவு நிதானமாகக் கேட்டிருக்க முடியாது என்பது என் எண்ணம். 2009 மே 18 இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பை இன்றும் தேடும் நீங்கள், பிள்ளையைத் தேடும் தாயிடம் மறதியை மருந்தாகக் கொடுக்கலாமா?

2018 ஒக்டோபரில் ஆயுட்காலம் முடிந்த வட மாகாண சபைக்கு என்றோ ஒருநாள் தேர்தல் அறிவிக்கப்படும். அதற்கு முன்பே கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், மெதடிஸ்தர், பெந்தகோஸ்தே சபையார் என்ற வேறுபாடின்றி நீங்கள் ஒருமுறை கூடி அமரவேண்டும் என்று கேட்கிறேன். வேட்பாளர் எவருக்கும் ஆலய வளாகத்தில் மாலையும் ஒலிவாங்கியும் கொடுப்பதில்லை என்று முடிவெடுங்கள். அது எளிது, ஒரு சுற்றறிக்கையோடு முடிந்துவிடும். பிரிந்திருக்கும் வீடுகளுக்கு வாக்களிப்பு முடிந்த வாரமே நீங்கள் நேரில் போவது எளிதல்ல. ஒருவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு மற்றவர் வீட்டைத் தாண்டிப் போனால் அதுவும் ஊரில் கட்சியாகிவிடும் என்பதை அறிவேன். இரண்டு வீட்டிலும் குடியுங்கள். தேடப்படுவோரின் பெயர்களை மாதத்தில் ஒரு ஞாயிறாவது விசுவாசிகள் மன்றாட்டில் வாய்விட்டு வாசியுங்கள். எங்கள் பங்கின் பட்டியலை வீடுவீடாகச் சென்று எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இங்ஙனம்,
கிளிநொச்சி மாவட்டப் பங்கொன்றின் இறைமக்களுள் ஒருத்தி