மொகதோர் என்ற செலஸ்ட்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடி ஆசை தீரப் படிக்கிறேன். ‘ஆட்டக்காரியின் சுயசரிதையில் வம்பைத் தவிர என்ன இருக்கும்’ என்று எழுதியிருந்தாயே, அதைச் சும்மா விட மனமில்லை.

அந்த ஆட்டக்காரி செலஸ்ட் வேனார் 1824-இல் பாரிஸில் பிறந்தவள். தாயின் காதலனுக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடியவளைப் போலீஸ் பிடித்து சேன் லசார் சிறையில் அடைத்தது. அங்கே பழகிய பெண் காட்டிய வழியில் போய், 16 வயதில் விலைமாதர் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டாள். அந்தப் பெயரை நீக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கவிஞர் முஸ்ஸே அவளை விருந்துக்கு அழைத்துப்போய், சோடாவை அவள்மேல் பீய்ச்சித் தொப்பலாக நனைத்ததையும் எழுதியிருக்கிறாள். பெரிய மனிதர்களின் லட்சணம்!

பிறகு மாபீ நடனக்கூடத்தில் போல்கா என்ற ஜோடி நடனம் ஆடிப் புகழ்பெற்றாள். 1844-இல் பிரெஞ்சுக் கடற்படை மொராக்கோவின் மொகதோர் துறைமுகத்தைத் தாக்கிய சமயம். அவளோடு ஆட ஆண்கள் மொய்க்கவே, இவளைக் காப்பதைவிட மொகதோரைக் காப்பது எளிது என்றாராம் கூட ஆடிய பிரிதிதி. மொகதோர் என்பதே அவள் பெயராகிவிட்டது. அப்புறம் ஹிப்போட்ரோம் என்ற குதிரை வித்தை அரங்கில் ரதப் பந்தயம், வரியெத்தே அரங்கில் நடிப்பு.

அவள் காதலர் கோமான் லியோனெல் தெ ஷப்ரியான் சூதாட்டத்தில் சொத்தைத் தொலைத்தார். கடன் கொடுத்தவர்கள் அவள் பொருள்கள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். தன் வழக்கறிஞருக்காக அவள் எழுதத் தொடங்கிய குறிப்புகள்தாம் பின்னர் அந்தச் சுயசரிதை ஆயின. வம்பு பேசவா எழுதினாள், சொல்!

1854-இல் புத்தகம் வெளிவந்தது; அதே ஆண்டு லண்டனில் அவளுக்கும் லியோனெலுக்கும் திருமணம். அவர் பிரெஞ்சுத் தூதரக அதிகாரியாக மெல்போர்ன் போனபோது புத்தகத்தின் பேச்சும் அங்கே போய்விட்டது. கௌரவமான வீடுகள் அவளுக்குக் கதவைச் சாத்தின. வேறொருத்தியாக இருந்தால் பேனாவைத் தூக்கி எறிந்திருப்பாள். இவள் ஆஸ்திரேலியத் தங்கவயல்களை வைத்து நாவல் எழுதி 1857-இல் வெளியிட்டாள். அடுத்த ஆண்டு கணவர் மெல்போர்னில் இறந்தார். அதன்பின் நாவல், நாடகம், இசை நாடகம் என்று எழுதியே பிழைத்தாள். 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யப் பெண்களைத் திரட்டினாள். 1909-இல் இறந்தபோது வயது 84.

சுயசரிதை ஆங்கிலத்திலும் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
சரோஜா