பேரேட்டுப் பெரியப்பாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

வண்ணார்பேட்டை மருந்து மொத்தக் கடையிலிருந்து எழுதுகிறேன். சர்வர் ஓடுகிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து பில் ஒழுங்காக வருகிறது. பில் போடும் அந்தக் கம்ப்யூட்டரின் வட்டு நிரம்பிப்போய் பில் நின்றதும், அதுவரை கையால் பில் எழுதித் தந்ததும் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லி அலுப்பூட்டவில்லை.

முதல் நன்றி, கடையில் ரொம்ப வருஷம் பேரேடு எழுதி ஓய்வுபெற்ற பெரியவருக்கு. ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி, எனக்குப் பெரியப்பா. கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ராத்திரி பிள்ளை தனியாக இருக்குமே என்று டீயும் முறுக்கும் கொண்டுவந்தவர், போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு லாங்சைஸ் நோட்டை எடுத்து, “நீ அடிக்கதையும் அது சொல்லுத பதிலையும் பைய வாசி தாயி, நான் எழுதிக்கிடுதேன்” என்றார். இடது பக்கம் மணியும் கட்டளையும், வலது பக்கம் பதில். எனக்கு உள்ளூர எரிச்சல்தான். இந்த நேரத்தில் இது தேவையா என்று நினைத்தேன்.

வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் டிஎஃப் கட்டளையை அடித்தேன். 39 ஜிபி போய், 108 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றது. மிச்ச இடம் என்கிற பத்தியில் மைனஸ் 2.9 ஜிபி. பெரியப்பா பேனாவை நிறுத்திவிட்டார். “கையிருப்பு எப்படிம்மா மைனஸ்ல போவும்?” எங்கள் சர்வரில் ஓடும் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி. அதன் யூஎஃப்எஸ் என்கிற கோப்பு அமைப்பில் 8 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்குக்கென்று, ஒதுக்கி வைப்பார்கள், டிஎஃப் அதை மிச்சக் கணக்கில் சேர்க்காது. எங்கள் பில்லிங் மென்பொருளை நிறுவியவர்கள் அதை ரூட்டாகவே ஓடவிட்டிருந்ததால் அந்த ஒதுக்கீட்டையும் அது தின்றுவிட்டது. இதைச் சொன்னதும், “அப்போ ரிசர்வ்ல கை வச்சாச்சு” என்று எழுதிக்கொண்டார். பாடப் புத்தகத்தில் கூட இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அடுத்து, கோப்புகளின் அளவை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் டியூ அடித்தேன். 13 ஜிபி. அடுத்த கட்டளைக்கு என் கை போய்விட்டது. அவர் விடவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி, “ஒரே வட்டுதான? ஒண்ணு 39ங்குது, இன்னொண்ணு 13ங்குது. 26 எங்க போச்சி?” என்றார். வட்டு நிரம்பிவிட்டது, எதை அழிக்கலாம் என்று மட்டுமே தேடிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. யூனிக்ஸில் கோப்பை அழித்தால் பெயர்தான் உடனே போகும். ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பி வராது. டியூ பெயர்களைத் தேடிப் போய்க் கூட்டுகிறது, அதற்கு இது தெரியாது. டிஎஃப் கோப்பு அமைப்பையே கேட்கிறது, அதனால் அந்த இடமும் அதன் கணக்கில் வரும். எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் எஃப்ஸ்டாட் அடித்துப் பார்த்தால், பில்லிங் நிரலின் கையில் 26 ஜிபிக்கு ஒரு கோப்பு. அதன் ஐநோடு எண்ணுக்கு, அதாவது வட்டில் அந்தக் கோப்புக்குள்ள அடையாள எண்ணுக்கு, எந்த டைரக்டரியிலும் பெயரில்லை. நிரல் தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு அது, இடம் பிடிக்கிறதென்று நிறுவியவர்களே தூரத்திலிருந்து அழித்த லாக்! நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். டிஎஃப் 36 சதவீதத்துக்கு இறங்கியது. அதையும் மணி போட்டு எழுதிவிட்டுத்தான் பெரியப்பா எழுந்தார்.

கட்டளைகளுக்கான கையேடாகிய மேன் பக்கங்களை, அதிலும் நிர்வாகத்துக்கான 8ஆம் பிரிவை, நான் ஓயாமல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க ஒரு கணக்குக்காரர்தான் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கைப் பில்லை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி கடைக்காரர்கள், இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொண்ட எலெக்ட்ரீசியன் தம்பி, ஹார்ட் டிஸ்க் கடன் கொடுத்த பெருமாள்புரத்து அக்கா, இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்து பைக்கிலேயே கொண்டுபோய்க் கொடுத்த கடைப் பையன்கள், எல்லாருக்கும் நன்றி. 1993இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டிக்குக் கையேடு எழுதி யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டிருக்கிற முகம் தெரியாதவர்களுக்கும்தான். போனை எடுக்காத ஆட்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

பழைய லாக்கை எடுத்துவைத்துப் புதியதைத் தொடங்கும் வேலையை இனி நியூசிஸ்லாக் என்கிற நிரல் பார்க்கும். கோப்பை மாற்றியதும் பில்லிங் நிரலுக்குச் சிக்னல் அனுப்பிப் பழையதை விடச் சொல்லும்படி அமைத்துவிட்டேன். பில்லிங்குக்குத் தனிப் பயனர் கணக்கும் போட்டாயிற்று. இனி எந்தச் சர்வரில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் லாங்சைஸ் நோட்டு இருக்கும். முதல் நோட்டைப் பெரியப்பா தர மாட்டேன் என்கிறார், இன்னும் ஐந்தொகை போடவில்லையாம்.

கைப் பில் வைத்திருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவாருங்கள், கணினியில் ஏற்றித் தருகிறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.