கோச் சாருக்கும் அக்காவுக்கும் தம்பிங்களுக்கும் ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், தள்ளிப் போயிட்டே இருந்துச்சு.

ஷட்டில் ஆட வந்த புதுசுல ஒரு சர்வீஸ் நெட்ல மாட்டுச்சுன்னா அடுத்த நாலு பாயிண்ட்டும் அதையே நினைச்சு நினைச்சு விட்டுடுவேன், அதுவே 19-14ன்னு லீடிங்ல இருந்தா இன்னும் ரெண்டுதானேன்னு மனசு ஜெயிச்ச இடத்துக்கே போய் உக்காந்துக்கும், அந்த கேமும் போயிடும். யாரு சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் யாருக்காவது பாயிண்ட் ஏறுற ஆட்டம் இது, கவனம் கொஞ்சம் நழுவினாலும் ஸ்கோர்ல தெரிஞ்சிடும்.

கோச் சார், பாயிண்ட் முடிஞ்சதும் ஸ்கோரைப் பாக்காத, ராக்கெட் ஸ்ட்ரிங்கைப் பாரு, நகர்ந்திருந்தா விரலால நேராக்கு, ஒரு மூச்சு விட்டுட்டு தலையத் தூக்குன்னு சொன்னீங்க. இதுல என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சேன். பழசை மறன்னு மனசுகிட்ட சொன்னா கேக்கவே கேக்காது, ஆனா கண்ணுக்கும் விரலுக்கும் ஒரு வேலை குடுத்தா அதுவும் பின்னாடியே வந்துடுது சார். அப்புறம் அந்த ஒரு நாள், ஸ்கோரை நீங்க மட்டும் பேப்பர்ல குறிச்சுகிட்டு எங்களுக்குச் சொல்லாமலே ஆட விட்டீங்களே, 11 பாயிண்ட்ல வர்ற 60 செகண்ட் பிரேக்ல கூட யாரு முன்னாடின்னு வாயத் தொறக்கல. முதல்ல தவிச்சுப் போயிட்டேன், போகப் போக ஷட்டில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. 22-20ல தோத்தோம், ஆனா நான் ஆடினதுலயே நல்ல ஆட்டம் அதுதான்.

டபுள்ஸ்ல கூட ஆடுற அக்கா, என்னால எத்தனையோ பாயிண்ட் போயிருக்கு, ஒரு தடவை கூட நீங்க முகம் சுளிச்சதில்ல, உங்க ராக்கெட்டால என் ராக்கெட்டைத் தட்டி "விடு, அடுத்தது"ன்னு சொல்லிட்டு உங்க இடத்துக்குப் போயிடுவீங்க. எனக்கு அப்பல்லாம் கண்ணே கலங்கிடும்க்கா. ப்ராக்டிஸ்ல சலிக்காம ஷட்டில் போட்டுக் குடுத்த தம்பிங்களுக்கும் நன்றி.

போன மாசம் அம்மாவுக்கு ஆபரேஷன். தியேட்டர் வாசல்ல காத்திருந்தப்போ என்னென்னமோ ஓடுச்சு, போன தடவை டாக்டர் சொன்னது, நாளைக்கு என்ன ஆகுமோன்னு எல்லாம். திடீர்னு பாத்தா என் விரல் கைப்பை வாரை நேராக்கிட்டு இருக்கு. ஒரு மூச்சு விட்டேன், தலையத் தூக்கினேன். கொஞ்ச நேரத்துல நர்ஸ் வந்தாங்க, என்ன மாத்திரை, எத்தனை வேளை, எப்ப தண்ணி குடுக்கலாம், அவங்க சொன்னது ஒண்ணு விடாம காதுல விழுந்துச்சு. பழைய நானா இருந்தா பாதியத் தவற விட்டிருப்பேன்.

அம்மா இப்ப எழுந்து நடக்கிறாங்க. அடுத்த வாரம் கோர்ட்டுக்கு வந்துடறேன்க்கா, முதல் சர்வீஸ் நான் போடறேன்.