இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவுபெறுகிறது. தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகள் போய் வந்தார்கள், சிரமதானத்துக்கு நீங்கள் வந்தீர்கள், வாசிப்பு மூலைக்கு றாக்கையும் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

இனி, தரம் 4 இன் கதை ஒப்படை பற்றி. ஒரு மிருகம் ஏன் இப்படி இருக்கிறது என்று பிள்ளை தானே யோசித்து ஒரு பக்கம் எழுதவேண்டும். வந்தவற்றில் பல, ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்ட கதை. சொல்லுக்குச் சொல் ஒன்றே. சிலவற்றின் கையெழுத்து, லீவுக் கடிதங்களில் எங்களுக்கு நன்கு பழகியது.

மட்டக்களப்புப் பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கி எதற்கு? வாவிக்கரையில் நண்டு இருக்கிறதே. பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். கொடுக்கு இரண்டு, நடக்கும் கால் எட்டு, மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதால் ஓட்டமும் பக்கவாட்டில். இதைக் கண்ட பிள்ளைதான் "எட்டுக் காலும் நான் முந்தி, நீ முந்தி என்று சண்டை பிடித்தன" என்று தொடங்கும்.

கதை விளக்கப்போகும் அடையாளம் (நண்டுக்குப் பக்கவாட்டு நடை) தொடக்கத்தில் மிருகத்திடம் இருக்கக்கூடாது. நண்டு நேராக நடக்கட்டும். பிறகு ஓர் ஆசை அல்லது பிடிவாதம், அதனால் ஒரு சம்பவம். அடையாளம் அந்தச் சம்பவத்திலிருந்தே வரவேண்டும். பெரியவர்கள் கைவைத்த கதைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன: நண்டு பொய் சொன்னது, கடவுள் தண்டித்தார், பக்கமாக நடக்கிறது. பொய்க்கும் பக்கத்துக்கும் என்ன தொடர்பு? இராமர் தடவிய விரல் மூன்று, அணில் முதுகில் கோடும் மூன்று. அது பொருந்துகிறது. மூட்டு மடங்கும் உண்மைக் காரணத்தைப் பிள்ளை கேட்டால் தனியாகச் சொல்லுங்கள், கதைக்குள் திணிக்கவேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியைப் பார்த்து எழுதியதும் பெரியவர் எழுதிக்கொடுத்ததும் அடுத்த தவணையில் திருத்தப்படமாட்டாது. பிள்ளை வகுப்பிலேயே இருந்து மீண்டும் எழுதும். அதற்காக வகுப்பாசிரியரிடம் கோபப்படுவதில் பயனில்லை.

அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பதற்றத்தில்தான் இப்படி நடக்கிறது என்பது விளங்குகிறது. வேலையால் வந்த களைப்போடு இரவில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்லவேண்டும். பேனையை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும், எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். பிள்ளைகள் வாயால் சொன்ன நல்ல கதைகள் பல அவர்களிடம் கேட்டவைதான்.

ஒப்படைக் கொப்பியை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாளன்று பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள்.

நன்றியுடன்,
அதிபர்