இரணைமடுவைப் பற்றிப் பேசப்போகும் மகளுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

நம் இரணைமடுக் குளத்தைப் பற்றி ஜேர்மனியில் உன் பல்கலைக்கழகத்தில் நீ பேசப்போகும் உரையின் தமிழ் வடிவத்தை வாசித்தேன். ஆங்கிலத்தில் பேசித் தப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், பிள்ளை. ஜேர்மன் மொழியிலேயே பேசு. அப்போதுதான் அவர்களும் தங்கள் மொழியில் மனம்விட்டுக் கேள்வி கேட்பார்கள். அந்த நாட்டிலேயே நீர் முகாமைத்துவம் படித்து வேலை தேடப்போகிற உனக்கு அந்தக் கேள்விகள் வேண்டும்.

பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால், அதில் பிழை விடுவேன் என்று பயப்படுகிறாய். விட்டால் விடு, சபைக்கு விளங்காமல் போகாது. எண்ணில்தான் கவனம் வேண்டும். முப்பத்தாறை அவர்கள் ‘ஆறும் முப்பதும்’ என்று சொல்வார்கள் என்று நீதான் சொன்னாய். பதற்றத்தில் நாக்குப் புரண்டால் 36 அடிக் குளம் 63 அடியாகிவிடும். நீர்மட்டம், ஏக்கர், ஆண்டு எல்லாவற்றையும் திரையில் பெரிய இலக்கத்தில் போட்டு, விரலால் காட்டி, நிதானமாகச் சொல்.

பத்துப் பக்கத்தைப் பதினைந்து நிமிடத்தில் பேச முடியாது. உலக நீர்ப் பஞ்சத்தைப் பற்றிய முதல் மூன்று பக்கத்தையும் வெட்டு; அதை யாரும் சொல்வார்கள். மனப்பாடமும் செய்யாதே. முதல் இரண்டு வசனமும் கடைசி வசனமும் நெஞ்சில் இருந்தால் போதும், மிச்சத்துக்குக் குறிப்பு வைத்துக்கொள். மனப்பாடம் செய்தவருக்கு நடுவில் ஒரு சொல் அறுந்தால் எல்லாமே அறுந்துவிடும்.

சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, தண்ணீர் பங்கிடும் கூட்டத்தை ஏன் இரண்டு வரியில் முடித்தாய்? உன் உரைக்கு உயிரே அதுதான். மாரியில் கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்த்த தண்ணீரை நம்பித்தான் சிறுபோகம். எல்லா வயலுக்கும் அது காணாது. குளத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவு செய்கிறோம். அதிகாரிகள் கணக்கு வாசிக்கும்வரை சனம் பேசாமல் இருக்கும். பங்கு என்ற பேச்சு வந்ததும் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒரு முதியவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, “மேல்வயல்காரன் மடையை மூடினால்தான் எனக்குத் தண்ணீர். அவன் எப்போது மூடுவான், அதைச் சொல்லுங்கள்” என்று கேட்பார். அந்தக் கேள்வியை அப்படியே சொல். பங்கீடு என்றால் என்ன என்று அங்கே இருப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

2018 மார்கழி வெள்ளத்தைச் சேர்த்தது நல்லது. குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தபோது தாழ்ந்த ஊர்கள் பட்ட பாட்டையும் ஒரு படத்தோடு காட்டு. வரட்சிக்குப் பயப்படும் அதே சனம்தான் அந்தத் தண்ணீருக்கும் ஓடியது.

வன்னி என்றதும் யுத்தத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். சொல்ல மனம் இருந்தால் சொல். இல்லாவிட்டால், “இன்று குளத்தைப் பற்றிப் பேச வந்தேன்” என்று சொல்லிவிடு. அதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. அந்த வசனத்தை இப்போதே ஜேர்மன் மொழியில் எழுதி வை, அந்த நேரத்தில் சொல் தேடி நிற்கக்கூடாது. கேள்வி விளங்காவிட்டால் மெதுவாகத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேள். அதில் ஒரு குறையும் இல்லை.

பேசி முடிந்ததும் மேசையில் தட்டுவார்கள், அதுதான் அங்கே பல்கலைக்கழகத்தில் கைதட்டல் என்று முன்பு எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். பின்வரிசையில் இருந்து தட்டுவது போன் வழியாகக் கேட்குமா என்று விசாரிக்கச் சொன்னாள்.

அன்றைக்கு நான் வயலில் நின்றாலும் போன் கையில் இருக்கும். எப்படிப் பேசினாய் என்பதைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம். யார் என்ன கேட்டார்கள், நீ என்ன பதில் சொன்னாய் என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா