பழைய கிறிஸ்துமஸ் விளம்பர ஓவியங்களைப் பகிர்வோருக்கு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சில நாட்களாக இங்கே பகிரப்பட்டு வரும் கோகோ கோலா சாண்டா ஓவியங்களை வரைந்தவர் சிகாகோவின் விளம்பர ஓவியர் ஹேடன் சண்ட்ப்ளோம். 1931 முதல் 1964 வரை அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அந்தச் சாண்டாவுக்கு முதலில் மாதிரியாக இருந்தவர், விற்பனையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர். அவர் மறைந்த பிறகு, சண்ட்ப்ளோம் கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்து வரையத் தொடங்கினார். ஓர் ஆண்டு சாண்டாவின் இடுப்புப் பட்டை இடவலமாக மாறிப்போனதற்கும் அந்தக் கண்ணாடியே காரணமாக இருக்கலாம். இன்னோர் ஆண்டு விரலில் திருமண மோதிரம் இல்லாததைக் கண்ட வாசகர்கள், சாண்டாவின் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். விளம்பரத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த காலமும் இருந்திருக்கிறது!

சாண்டாவுக்குச் சிவப்பு உடையை முதலில் அணிவித்ததே அந்த நிறுவனம்தான் என்ற செய்தியை மட்டும் தயவுசெய்து பரப்ப வேண்டாம். அதற்கு முன்பே அமெரிக்க ஓவியர்களான லெயன்டெக்கரும் நார்மன் ராக்வெல்லும் பத்திரிகை அட்டைகளில் சிவப்புச் சாண்டாவை வரைந்துவிட்டார்கள். இனி படங்களைப் பகிரும்போது, ஓரத்தில் உள்ள ஓவியரின் கையொப்பத்தை வெட்டிவிடாமல், பெயரையும் ஆண்டையும் தெரிந்தவரை குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.